திறக்காமல் அளப்பவள்

என் நாத்தனாரிடம் மூடிய பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால் நான் கத்தரிக்கோலைத் தேடுவேன்; அது கிடைக்காவிட்டால் பல்லால் கடித்தாவது பிரித்துவிடுவேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தூக்கிப் பார்ப்பாள், சாய்த்துப் பார்ப்பாள், காதருகே வைத்து ஆட்டுவாள், விரல் முட்டியால் தட்டுவாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி, பிரிச்சிடாதீங்க. உள்ள ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு உருளுது, ஒண்ணு உருளல."

"அடியே, பிரிச்சா தெரிஞ்சிட்டுப் போகுது. இப்படிக் கொடு!" என்று நான் பிடுங்குவேன். பிரித்தால் பெரும்பாலும் அவள் சொன்னபடிதான் இருக்கும். அதில் அவளுக்குப் பெருமையும் கிடையாது. இவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிட்டதே என்று முகம் வாடிப்போவாள். இப்படியும் ஒரு பிறவி.

சமையல் எரிவாயு உருளையில் எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்டது தப்பாகப் போய், அன்றிலிருந்து அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எதிரே குந்திக்கொள்வாள். மேல்பாதி சீக்கிரம் காயும், கீழ்ப்பாதியில் ஈரம் நிற்கும். ஈரம் நிற்கிற கோடுவரை வாயு இருக்கிறதாம். கடைத்தெருவில் தர்பூசணி விற்பவர் அவளைத் தூரத்தில் கண்டாலே, "அம்மா, வாங்கறது ஒண்ணு, தட்டறது முப்பதா? என் பழமெல்லாம் கன்னிப்போகுதும்மா" என்று கையெடுத்துக் கும்பிடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளேன் என்றால் "இன்னும் ஒண்ணும் தெரியல அண்ணி" என்பாள். பையனைத் தட்டியா பார்க்க முடியும்?

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும், அது நான் வேலை பார்க்கும் இடத்திலேயே இருந்தது என்பதும்தான் வேடிக்கை.

எங்களுடையது அணு உலைக்கு எரிபொருள் செய்யும் தொழிற்கூடம். செய்தது போக மிஞ்சும் தூளில் புளூட்டோனியம் கலந்திருக்கும். அந்தத் தூளை எஃகு டப்பாக்களில் போட்டு, மூடியைப் பற்றவைத்து, கம்பி முத்திரை குத்தி அடுக்கிவைக்கும் கிடங்குக்கு நான் காப்பாளர். எந்நேரமும் இடுப்பில் சாவியோடு திரிவதால் எனக்குப் பூட்டக்கா என்று பெயர். நாத்தனார் அளவைப் பிரிவில் சேர்ந்தாள். அவளுக்கு மீட்டர் என்று பெயர். வீட்டில் ஒரு சண்டை என்றால் அடுத்த நாள் வேலையிடத்தில் "பூட்டுக்கும் மீட்டருக்கும் ஒத்துப்போகல போல" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படி ஒரு பேர்ப்பொருத்தம்.

அவள் வேலை இதுதான். டப்பாவுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று டப்பாவைத் திறக்காமல் சொல்ல வேண்டும். திறந்தால் விபரீதம், அந்தத் தூள் காற்றில் கலக்கக் கூடாத தூள். எடை போட்டால் ஆகாதா என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதே எடைக்கு வேறு எதையாவது போட்டு வைத்தாலும் தராசுக்குத் தெரியாதே! ஆனால் புளூட்டோனியம் சும்மா இருக்கும் சாதியில்லை. அதன் அணுக்கள் தானாகவே உடைந்து நியூட்ரான் என்கிற பொடிசுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

"எஃகுச் சுவரெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல அண்ணி. திறந்த வாசல் மாதிரி வெளிய வந்துடும். அதோட வேகத்தைத் தணிக்கணும்னா தண்ணி வேணும், இல்லன்னா மெழுகோ பிளாஸ்டிக்கோ வேணும்" என்று சொல்லும்போது அவள் கண் அப்படி மின்னும். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி வம்பு பேசுகிறாளோ என்று நினைக்கத் தோன்றும். "ஒரு அணு உடைஞ்சா ரெண்டு மூணா சேர்ந்து பிறக்கும். வழிதவறி வர்ற நியூட்ரான் தனியா வரும். அதனால ஜோடியா வர்றதை மட்டும் பொறுக்கி எண்ணணும். ஜோடி எத்தனைன்னு தெரிஞ்சா உள்ள சரக்கு எவ்வளவுன்னு தெரியும்."

சின்ன டப்பாக்களை எண்ணுவதற்குக் கிணறு என்று ஒரு கருவி உண்டு. தடித்த பிளாஸ்டிக் சுவர், அதற்குள் சுற்றிலும் வாயுக் குழாய்கள், நடுவில் குழி. டப்பாவை அதில் இறக்கி மூடிவிட்டால் வெளியே பேண்டு வாத்தியமே அடித்தாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் எங்களிடம் நாலு பெரிய டப்பாக்கள் இருந்தன. தடியன்கள் என்று கூப்பிடுவோம். அவை கிணற்றுக்குள் இறங்காது. அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து, இரண்டு பக்கமும் பலகை போன்ற இரண்டு கருவிகளை நிறுத்தி எண்ண வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. டப்பா அடுக்கை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போகும்வரை காப்பாளர் அதன் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி.

ஆக, தடியன்களை அளக்கும்போதெல்லாம் நானும் அந்த அறையில் இருப்பேன். அவள் எண்களைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். சட்டையில் கதிர்வீச்சு அட்டை மாட்டியிருப்போம், அளவுக்கு மீறினால் அது காட்டிக்கொடுத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. உண்மையில் அந்த அறையில் எனக்கிருந்த ஒரே பயம் ஏசிதான். கதவுப் பக்கம் உட்கார்ந்தால் நேராகக் கழுத்தில் அடிக்கும். மறுநாள் தலையைத் திருப்ப முடியாது. அதனால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பலகைக்கும் சுவருக்கும் நடுவே போய்ச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். வருஷக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்தேன்.

போன வருஷம் என் பித்தப்பையில் கல் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். நான் வீட்டில் கஞ்சியும் கையுமாகப் படுத்திருந்த சமயத்தில் ஆண்டுச் சோதனை வந்துவிட்டது. எனக்குப் பதிலாக வந்த காப்பாளர் ஒரு ஒல்லிப்பிச்சான். டப்பாவைக் கண்டாலே நடுக்கமாம். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகவே காவல் காத்தாராம். நான் கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததில் தையல் வலித்தது. அதுதான் நான் கடைசியாகச் சிரித்த சிரிப்பு.

வேலைக்குத் திரும்பிய அன்று சாவி கேட்டேன். கொடுக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அவர் மகா மரியாதைக்காரர். திட்டுவதாக இருந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"உக்காருங்க மேடம். உடம்பு தேவலையா?"

"தேவலை. என் சாவி எங்க?"

"நாலு பெரிய டப்பாவிலயும் அளவு குறையுது மேடம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எடை போட்டீங்களா?"

"எடை சரியா இருக்கு. மணலைப் போட்டு வச்சாலும் எடை சரியாத்தான் இருக்கும்."

"முத்திரை?"

"அதுவும் சரியா இருக்கு. ஆனா முத்திரை குத்தறதே நீங்கதானே."

யார் அளந்தது என்று கேட்டேன். உங்கள் நாத்தனார் என்றார். சொந்தக்காரி என்பதால் வேறொருவரை வைத்து மறுபடி அளக்கச் சொன்னதாகவும், அவருக்கும் அதே குறைவுதான் வந்தது என்றும் சொன்னார். சின்ன டப்பாக்களில் ஒரு குறையும் இல்லையாம். எடுக்கிறவள் பெரியதில்தானே கை வைப்பாள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவர் முகம் சொன்னது.

"திறந்து பாருங்களேன்! உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாத்துடுங்களேன்!" என்று கத்தினேன்.

"அதுக்குத் தனிக் கூடம் வேணும், அனுமதி வேணும். மாசக்கணக்கில ஆகும் மேடம். அதுவரைக்கும் நீங்க கிடங்குப் பக்கம் வர வேண்டாம்."

சாதாரணக் கிடங்காக இருந்தால் திருடி என்பார்கள், அடித்துத் துரத்துவார்கள், அதோடு போகும். இந்தச் சரக்கைத் திருடியவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை நான்!

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"அளந்தது நீதானே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லக் கூடாது அண்ணி. விதி."

"சரி, இப்ப சொல்லு. நான் எடுத்திருப்பேனா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். யோசித்தாள்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியாது அண்ணி."

"என்னது?"

"அதிகாரி கேட்டப்பவும் தெரியாதுன்னுதான் சொன்னேன். எண்ணு குறையுது. ஏன்னு தெரியல. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஒரே பானையில் சாப்பிடுகிறாயே, உனக்கு ஜுரம் வந்தபோது யார் விழித்திருந்தது, கல்லுக்குப் பிறந்தவளா நீ, எல்லாம்தான். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து, "நான் உன்னை நம்பறேன்மா. என் பொண்டாட்டி எடுத்திருக்க மாட்டா" என்றார். சொல்லிவிட்டுப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். அக்கம்பக்கத்திலும் அப்படித்தான். தெரிந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நம்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நம்பாத ஒருத்தி மட்டும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கினாள். அவளோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தட்டை மட்டும் டங்கென்று அவள் முன் வைப்பேன்.

ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நான் பேச மாட்டேன் என்பதையெல்லாம் அவள் நினைவில் வைத்துக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"அண்ணி, தடியன்களை அளக்கறப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

இதற்கு மட்டும் பேசாமல் இருக்க முடியுமா? "ஏன், திருடறதுக்கு வாகான இடமான்னு பாக்கறியா?"

"சொல்லுங்க அண்ணி. கதவுப் பக்கமா, கருவிப் பக்கமா? நான் எண்ணைப் பாத்துக்கிட்டே இருப்பேன், உங்களைச் சரியாக் கவனிச்சதே இல்ல."

"ஏசி ஆகாதுன்னு பலகைக்குப் பின்னால உக்காருவேன். சாஞ்சுக்குவேன். அதுக்கு என்ன இப்ப?"

அவள் சமையலறைக்குள் ஓடினாள். இரண்டு தட்டு, ஒரு டம்ளர், ஒரு உருளைக்கிழங்கு எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். டம்ளரை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தட்டுகளை நிமிர்த்திப் பிடித்தாள்.

"இது தடியன். இது ரெண்டும் பலகை. இன்னிக்கு மறுபடி அளந்தோம். அறைக்குள்ள ஒரு காவல்காரரை நிறுத்தியிருக்காங்க. அவருக்கு எண்ணு ஓடறதைப் பாக்கணும்னு ஆசை. இப்படி வந்து குனிஞ்சாரு." உருளைக்கிழங்கைத் தட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்தாள். "எண்ணு ஏறுச்சு அண்ணி! நகர்ந்தாரு, இறங்குச்சு. திரும்ப வாங்கன்னேன், ஏறுச்சு."

"எத்தனை தடவை கூப்பிட்ட அந்த மனுஷனை?"

"டீ குடிக்கப் போகணும்னு அவரு கெஞ்சற வரைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், கோபம் இன்னும் பாக்கி இருந்ததால். அவள் விளக்கிக்கொண்டே போனாள். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானாம். டப்பாவிலிருந்து தப்பித்து எங்கேயோ ஓட வேண்டிய நியூட்ரானை அந்தத் தண்ணீர் மறித்து, வேகத்தைக் குறைத்து, பலகைக்கே திருப்பி அனுப்புமாம். கொஞ்சம் கூடினாலும் ஜோடிக் கணக்கில் அது இரட்டிப்பாகத் தெரியுமாம். அளவு முன்பே தெரிந்த ஒரு சின்னத் துண்டைக் காலையில் வைத்துக் கருவியைச் சரிபார்ப்பாளே, அப்போது நான் டப்பா எடுக்கக் கிடங்குக்குள் போயிருப்பேன். சரிபார்க்கும்போது நான் இல்லை, அளக்கும்போது இருந்தேன். இந்த வருஷம் மட்டும் அளக்கும்போதும் அங்கே யாரும் உட்காரவில்லை.

"அதாவது..." என்று இழுத்தேன்.

"அதாவது சரக்கு குறையல அண்ணி. நீங்கதான் குறையறீங்க."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் சர்க்கார் சரக்கோடு என் சதையும் சேர்ந்து கணக்கில் நின்றிருக்கிறது! அதைத்தான் நான் ராப்பகலாகப் பூட்டிப் பாதுகாத்திருக்கிறேன்!

"இன்னும் நிச்சயமாத் தெரியாது. நினைக்கறேன், அவ்வளவுதான்" என்று அவள் உடனே என் சந்தோஷத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். "உங்களை உள்ள விட மாட்டாங்க. அதனால உங்க எடைக்குத் தண்ணிக் கேன் அடுக்கி, நீங்க உக்கார்ற இடத்துல வச்சு அளந்து பாக்கலாம்னு அனுமதி கேட்டிருக்கேன். உங்க எடை எவ்வளவு அண்ணி?"

அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். வந்தவர் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷருக்கு நான் சொல்லாத ஒரே விஷயம் அது.

"எழுபது" என்றேன்.

அவர் இருமினார். நான் முறைத்தேன். அவள் இரண்டையும் கவனிக்கவில்லை. கையில் எழுபது என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். எந்த டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பாமல் தானே அளந்து பார்ப்பவள், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர்க் கேன்களை அடுக்கியதும் எண் ஏறியதாம். ஆனால் விட்ட இடத்தை முழுதும் பிடிக்கவில்லையாம். குறைவில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது, கால் பங்கு அப்படியே நிற்கிறது.

"அதிகாரி என்ன சொன்னாரு?"

"முக்கால்வாசிக்குக் காரணம் கிடைச்சது சரி, மிச்சம் எங்கன்னு கேக்கறாரு. கொஞ்சமா எடுத்திருந்தாலும் எடுத்ததுதானேங்கறாரு." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் நினைச்சது தப்பா இருக்கலாம் அண்ணி. வேற ஏதோ இருக்கு. என்னன்னு தெரியல."

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடாமல் துருவுகிறவள் சோர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என் கழுத்தில் கத்தி தொங்குகிறது. அதை இறக்க ஒருத்தி பாடுபடுகிறாள். நான் என்னடாவென்றால் என் இடுப்புச் சுற்றளவுக்கு மானம் காத்துக்கொண்டிருக்கிறேன். தூ! எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றேன்.

"என்ன அண்ணி?"

"என் எடைடி! தொண்ணூத்தி ரெண்டு! ஆஸ்பத்திரியில போட்டுப் பாத்தாங்க. போதுமா?"

வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. "சிரிச்சீங்கன்னா நாளையிலிருந்து உங்களுக்குச் சாப்பாடு கிடையாது" என்றேன். நாத்தனார் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மனக்கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். அப்புறம் தட்டைக் காலி செய்தாள்.

கேன்கள் கூடின, எண்ணும் கூடியது. இருந்தாலும் அதிகாரி தண்ணீரை நம்பத் தயாராக இல்லை. ஆளையே உட்கார வைத்துப் பார்ப்போம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கினார். எனக்கு மறுபடி அட்டை மாட்டி, இரண்டு காவலர்கள் நடுவே கைதியைப் போல அழைத்துப் போனார்கள். என் கிடங்குக்குள்ளேயே என்னைச் சோதனை போட்டார்கள். பழைய இடத்தில் முக்காலியைப் போட்டுச் சாய்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே அதிகாரியும் இன்னும் சிலரும் நின்றார்கள். நாத்தனார் பொத்தானை அமுக்கினாள்.

எண்ணி முடியும்வரை அவள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. பார்சலை மடியில் வைத்திருக்கும் முகம். முடிந்ததும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"கதவுப் பக்கம் போங்க அண்ணி. நீங்க இல்லாமலும் ஒரு தடவை எண்ணணும்."

போனேன். ஏசி கழுத்தில் அடித்தது; அடிக்கட்டும் என்று நின்றேன். மறுபடி எண்ணினாள். மறுபடி என்னை உட்கார வைத்தாள். நாலு தடியன்களுக்கும் இதே கூத்துதான். நான் உட்கார்ந்தால் பழைய அளவு வந்தது, எழுந்தால் குறைந்தது. கடைசித் தடவை நான் உட்கார்ந்ததும் வெளியே அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மேடம், மன்னிக்கணும்" என்றார் என்னிடம், அவர் அறைக்குப் போனதும். சாவிக்கொத்தை மேசைமேல் எடுத்து வைத்தார். "டப்பாவில எதுவும் போகல. எங்க கணக்கில இருந்ததுதான் ஆரம்பத்திலிருந்தே அதிகம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதேன். என்ன வெட்கம்? சாவியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் பார்த்தால் அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா இந்த நாலு டப்பாவுக்கும் தப்பான அளவைத்தான் மேலிடத்துக்குச் சொல்லியிருக்கோம். அளந்தது யாரு?"

"நான்தான்" என்றாள்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும் நான்தான். கருவி பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதுன்னு பாத்துக்க வேண்டியது என் பொறுப்பு. பாக்கல."

"சார், இருங்க! ஏசிக்குப் பயந்து அங்க போய் உக்காந்தது நான். அவ உக்காரச் சொல்லல. என் பேர்ல எழுதுங்க!"

"நீங்க எங்க வேணா உக்காருவீங்க மேடம்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே. "கவனிக்க வேண்டியது அவங்க வேலை."

அளக்கும் உரிமத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து பயிற்சி எடுத்து, மறுபடி பரீட்சை எழுதித் தேறினால் பார்க்கலாமாம். அதுவரை கருவியைத் தொடக் கூடாது. வரப்போகிற பதவி உயர்வும் போயிற்று. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. நான் பொங்கிக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரியை, அந்த ஏசியை, என் முதுகை, என்னைப் பெற்றவர்களை, ஒருவரையும் விட்டுவைக்காமல் திட்டினேன். அவள் எதிர்ப்பக்கம் நிற்கிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று யோசிக்கிறாள் போல.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. இது உன் தலையில விழும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காவல்காரர் குனிஞ்சப்பவே."

"முதல் நாளேவா? தட்டும் டம்ளரும் வச்சு ஆடினியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி தோண்டின? பேசாம இருந்திருந்தா உன்னை யாரு கேக்கப் போறாங்க? டப்பாவை எப்பவாவது திறந்து பாத்துட்டுப் போறாங்க. உன் வேலையாவது தப்பிச்சிருக்கும்ல?"

அவள் லாரியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி பார்த்தாள்.

"நீங்க எடுத்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும் அண்ணி. அந்தச் சந்தேகத்தோட உங்க கையால எப்படிச் சாப்பிடறது?"

பஸ் வந்தது. அவள் ஏறப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டேன். நடத்துனர் விசில் ஊதிவிட்டார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. போகட்டும், அடுத்தது வரும் என்றேன்.